செங்கடல் தூரம், நெடுந்தீவு கிட்ட

2024 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, ஹூதிகள் வணிகக் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த செங்கடலுக்கு எங்கட கடற்படைக் கப்பல் ஒன்றை அனுப்பப்போவதாகச் சொன்னார். இரண்டு கிழமைக்கு 250 மில்லியன் ரூபா செலவு. நாடு வங்குரோத்து என்று அறிவித்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போனால் எங்களுக்கும் சாமான் விலை கூடும் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் பிழையில்லை. ஆனால் அப்படிச் சுற்றிப் போனதால்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு அந்த மாதங்களில் வேலை கூடியது என்பதையும் யாராவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கடற்பலம் என்றால் எங்களுக்கு உடனே ஞாபகம் வாறது பீரங்கி பூட்டின பெரிய கப்பல். சரி, இருக்கிற பெரிய கப்பல்களைப் பாருங்கள். சயுர, முன்பு இந்தியக் கடற்படையில் சரயுவாக இருந்தது. கஜபாகு, அமெரிக்கக் கரையோரக் காவல் படையின் பழைய ஷேர்மன். பராக்கிரமபாகு 2019இல் சீனா அன்பளிப்பாகத் தந்தது. (பிந்திய இரண்டின் பெயர் மட்டும் பழைய ராசாக்களுடையது.) மூன்று நாடுகளின் கப்பலையும் வைத்துக்கொண்டு மூன்றுக்கும் நடுவில் நின்று நடுநிலை கதைக்கிறோம்.

அந்த நடுநிலை எப்படியிருக்கும் என்பதை ஆய்வுக் கப்பல் விஷயத்தில் பார்த்தோம். 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5ஐ முதலில் பிந்தச் சொல்லி, பிறகு அம்பாந்தோட்டைக்கு விட்டோம். 2023 ஒக்டோபரில் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது. இந்தியா முறுகியதும், 2024 முழுக்க எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்று தடை. இதை ராஜதந்திரம் என்று சொல்லினம். எனக்கென்றால், வினாத்தாளை வெறுமனே கட்டிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போறது மாதிரித்தான் தெரியுது. நிலத்தைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு கடல் எங்கட பொருளாதார வலயம். அதை நாங்களே ஆராய்கிற பலத்தை வளர்க்காமல், யாரை உள்ளே விடுறது என்பதை மட்டும் கொள்கையாக வைத்திருக்கிறோம்.

உண்மையான ஆபத்து வேறு விதமாக வந்தது. 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் 270,000 தொன் மசகு எண்ணெயோடு நியூ டயமண்ட் எரிந்தபோது, அணைக்க இந்தியக் கப்பல்களும் வரவேண்டியிருந்தது. அடுத்த வருஷம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கொழும்புக்கு முன்னால் எரிந்து தாண்டது. கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி. தொழிலுக்குப் போகமுடியாமல் இருந்த மீனவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்புப் பிரச்சினை எது?

வடக்கில் இன்னொரு கணக்கு. இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ஆனாலும் இந்திய ரோலர்கள் கிழமைக்கு மூன்று நாள் வருவது ஊருக்கே தெரியும். கடற்படை பிடிக்குது, விடுபடுகினம், திரும்ப வருகினம். வலை அறுந்தவனுக்கு ஒன்றும் கிடைக்கிறதில்லை. அதேநேரம் 2007இல் மக்கள் வெளியேற்றப்பட்ட மன்னார் முள்ளிக்குளத்தில் கடற்படை முகாம் போட்டிருக்கிறது. வடக்கு மீனவருக்குக் கடற்படை கடலில் தெரிவதைவிடக் கரையில்தான் கூடத் தெரியுது. இதைக் கேட்டால் தேசப் பாதுகாப்புக்கு எதிரான ஆள் என்பார்கள். அந்தத் தேசத்துக்குள்ள இந்த மீனவர் எங்க இருக்கினம்?

இருக்கிற காசில் முதலில் நெடுந்தீவுக்கு அப்பால் ஒழுங்கான இரவு ரோந்து. பிறகு எரிகிற கப்பலை அணைக்கக்கூடிய, இழுத்துப் போகக்கூடிய கலங்கள். அதற்குப் பிறகு சொந்த ஆய்வுக் கப்பல். செங்கடலை இதுக்கெல்லாம் பிறகு பார்ப்போம்.