லோஹேகாவ்: ‘ஓட்டுநர்’ என்ற சொல்லுக்குள் இருவர்

லோஹேகாவில் அமைந்துள்ள புணே விமான நிலையத்தைச் சுற்றிய நெரிசலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘ஓட்டுநர்களின் சிரமம்’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. யார் அந்த ஓட்டுநர்? சொந்தக் காரை நிறுத்த இடமில்லையே என்று குமுறுபவரையும், அடுத்த சவாரிக்காகக் கூலியின்றிக் காத்திருக்கும் வாடகைக் கார்க்காரரையும் தமிழில் ஒரே சொல்தான் சுட்டுகிறது. ஆனால் முன்னவரின் குறை ‘நகரத்தின் பிரச்சினை’ ஆகிறது. பின்னவர் சாலையோரம் ஒதுங்கினாலோ அது ‘ஒழுங்கீனம்’. பொதுவிவாதத்தின் இந்தப் பொருண்மையியல் மோசடியை ஆய்வாளர்களும் கேள்வியின்றி வழிமொழிகிறார்கள்.

கட்டப்பட்டவற்றின் வரிசையைப் பார்த்தாலே முன்னுரிமை விளங்கும். விமானப்படைத் தளத்தின் ஓரத்தில் ஒண்டியிருக்கும் இந்நிலையத்துக்கு, ஏறத்தாழ ஆயிரம் கார்கள் நிற்கக்கூடிய பல அடுக்கு நிறுத்தகமான ஏரோமால் 2022 நவம்பரில் வந்தது. புதிய முனையம் இயங்கத் தொடங்கியது 2024 ஜூலையில்தான். அதே ஆண்டு மார்ச்சில் ராம்வாடிவரை நீண்ட மெட்ரோ, விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டது. சென்னை விமான நிலையத்தில் மெட்ரோ ரயில் 2016இலேயே வந்து நின்றது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பேருந்து ஒழுங்காக வராததால்தானே கார் வாங்குகிறோம் என்பது எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பேருந்து ஏன் ஒழுங்காக வருவதில்லை? நகர் சாலையில் 2016இல் திறக்கப்பட்ட பேருந்துக்கான தனித்தடம், நெரிசலுக்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பின்னர் பிரித்தெறியப்பட்டது. தில்லியிலும் 2016இல் இதுவே நடந்தது. தடத்தைப் பறித்துக்கொண்டவர்களே பேருந்து தாமதம் என்று புகார் கூறுவது விந்தை.

தில்லிப் பெருந்திட்டத்தின் அளவுகோலின்படி, வந்துபோகும் வழியையும் சேர்த்து ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டரும், நிலவறையில் 32 சதுர மீட்டரும் வேண்டும். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் 2015இல் நலிந்த பிரிவுக் குடும்பம் ஒன்றுக்கு வகுக்கப்பட்ட வீட்டின் உட்பரப்பு அதிகபட்சம் 30 சதுர மீட்டராக இருந்தது. நால்வர் உறங்கி எழும் இடத்துக்கு ஏறக்குறைய இணையான இடத்தை, நாளின் பெரும்பகுதி அசையாமல் நிற்கும் ஒரு பொருளுக்கு நகரம் ஒதுக்குகிறது. அந்த இடத்தைப் பெரும்பாலான சாலைகளில் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதை மானியம் என்று அழைக்கவும் நாம் கூசுகிறோம்.

புணே மாநகராட்சி 2018இல் ஒரு நிறுத்தக் கொள்கையை ஏற்றது. எதிர்ப்பு எழுந்ததும் அது ஐந்து சாலைகளில் மட்டும் சோதனை என்று சுருங்கி, அதுவும் நடைமுறைக்கு வராமல் தேங்கியது. பேருந்துப் பயணியிடம் இந்தத் தயக்கம் காட்டப்படவில்லை. 2025 ஜூனில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயானது. கார் உரிமையாளருக்காகக் கூடிய கூட்டம் அவருக்காகக் கூடவில்லை.

முதியோரும் சுமையோடு வருவோரும் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வாசல்வரை வரும் பேருந்தே அவர்களுக்கு முதலில் தேவை. இப்போதோ வாடகைக் காரில் செல்பவர்கூடப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏரோமாலுக்குத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே காத்திருப்பவரும் ஓட்டுநர்தான். அவர் குறையை எந்த மனுவிலும் எழுதுவாரில்லை.