காரின் பிரேக்கும் நோயாளியின் காலும்

வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவர், மூன்றாம் வாரம் என்னிடம் காட்ட வந்தபோது, தாமே காரை ஓட்டி வந்ததாகப் பெருமிதத்துடன் கூறினார். நான் கடிந்துகொண்டேன். "புது வண்டி டாக்டர். ஏ.பி.எஸ். இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்றார். உடன் வந்திருந்த மகளுக்கும் கார் ஓட்டத் தெரியும். "அப்பா சாவியைத் தர மாட்டார்" என்று அவர் மெல்லச் சொன்னார்.

ஏ.பி.எஸ். சிறந்த கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. 1978-இல் போஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு ஏ.பி.எஸ்., மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் கிளாஸ் கார் வழியாகச் சந்தைக்கு வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டி வழுக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. சக்கரம் பூட்டப் போவதை உணர்ந்து, ஒரு நொடிக்குள் பலமுறை பிரேக்கின் பிடியைத் தளர்த்தியும் இறுக்கியும் அதைத் தடுப்பதே ஏ.பி.எஸ். செய்யும் வேலை. ஆனால் அந்த வேலை, கால் பிரேக்கை மிதித்த பிறகுதான் தொடங்குகிறது. பெரியவர் மறந்தது இதைத்தான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. உலர்ந்த சாலையில் பிரேக்கை முழுவதும் அழுத்திய பின் நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். ஆறாத கால் ஒரு பெடலிலிருந்து மறு பெடலுக்கு மாற அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், இன்னும் 8 மீட்டர் ஓடிவிடும். அது இரண்டு கார்களின் நீளம். அவசரத்தில் ஓட்டுநர் பிரேக்கைப் போதிய அளவு அழுத்தாவிட்டால் மீதி அழுத்தத்தைத் தானே தரும் ‘பிரேக் அசிஸ்ட்’ வசதியும் இப்போது பல கார்களில் உண்டு. கால் எவ்வளவு விரைவாக மிதிக்கிறது என்பதைக் கொண்டே அது அவசரத்தை அறிகிறது. வலிக்கு அஞ்சி மெல்ல மிதிக்கும் காலை அது எப்படி அறியும்?

மூட்டு அறுவை மட்டுமன்று. நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்து, செருப்பு கழன்றதும் தெரியாமல் நடந்து வருவோர் பலரை நாங்கள் காண்கிறோம். அந்தப் பாதத்துக்குத் தான் எந்தப் பெடலின் மேல் இருக்கிறோம் என்பதும் தெரியாது. உறக்க மாத்திரையும், சில சளி மருந்துகளும் மறுநாள் காலையிலும் மந்தம் தரலாம்.

கண்ணின் கதையும் இதுவே. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைவதில் மூன்றில் ஒரு பங்கே என்பர். ஆகவே புதிய எல்.இ.டி. முகப்பு விளக்குகள் முதியவருக்கு வரப்பிரசாதம் என்று தோன்றும். தம் வண்டியில் அது உண்மை. எதிரே வரும் வண்டியின் ஒளியோ, கண்புரை உள்ளவருக்குச் சிதறிப் பரவி, சாலையையே மறைத்துவிடுகிறது. ஹாலஜன் பல்புக்கென வடிவமைத்த விளக்கில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகுவோர் இத்துன்பத்தை இன்னும் பெருக்குகிறார்கள். ஒரு காலத்தில் முகப்பு விளக்கின் நடுவே கறுப்பு வட்டம் ஒட்டுவார்கள். அந்த எளிய நாகரிகம் எங்கே போயிற்றோ! விழித்திரைப் பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவருக்குப் பாப்பா சில மணி நேரம் விரிந்தே இருக்கும். அந்த நிலையில் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவோரை வாயிலில் பலமுறை தடுத்திருக்கிறேன்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனைகள் தரும் சீட்டில் உணவு, குளியல், மாடிப்படி எல்லாம் எழுதப்படுகின்றன. வண்டி ஓட்டுவது பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இருப்பதில்லை. அந்த வரி கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதப்படாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "எந்தத் தேதி முதல் ஓட்டலாம்?" வலது மூட்டு மாற்றுக்குப் பின் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருக்கச் சொல்கிறோம். ஆளுக்கேற்ப அது மாறும்.

நோயாளியை அழைத்துச் செல்ல வரும் குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏ.பி.எஸ். இயங்கும்போது பெடல் அதிரும், கடகடவென ஒலியும் எழும். பழுது என்று அஞ்சிக் காலை எடுத்துவிடாதீர்கள், பழைய வழக்கப்படி விட்டு விட்டும் மிதிக்காதீர்கள். அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பின்னிருக்கையில் அமரும் நோயாளிக்கும் சீட் பெல்ட் வேண்டும். வயிற்றில் தையல் இருந்தால் இடையே ஒரு துண்டை மடித்து வையுங்கள்.

பெரியவரின் சீட்டில் அன்றே "ஆறு வாரம் முடியும்வரை ஓட்டக் கூடாது" என்று எழுதினேன். அவர் அதை இருமுறை படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, என்னைப் பார்க்காமல், மகளிடம் நீட்டினார்.