அழகிய வீடு யாருக்கு?

தூத்துக்குடிக் கரையோரத்துப் பழைய வீடுகள் மீது வண்ணப் பத்திரிகைகளுக்குத் திடீர்ப் பாசம் பொங்கி வழிகிறது. மணப்பாட்டு மாளிகையின் தூண்கள், காயல்பட்டினத்து வீட்டின் உள்முற்றம், கிரேட் காட்டன் ரோட்டுப் பங்களாவின் தேக்கங்கதவு, அதன் முன்னே பூத்துக் குலுங்கும் காகிதப்பூக் கொடி, எல்லாம் வழவழப்பான தாளில் பக்கம் பக்கமாக வருகின்றன. இவற்றைப் பார்த்து உங்கள் கூடத்தையும் தோட்டத்தையும் அமைத்துக்கொள்ளுங்கள் என்று வாசகர்களுக்கு உபதேசமும் நடக்கிறது.

அழகு என்றாலே முகம் சுளிப்பவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று ஒரு கட்டுக்கதை உண்டு. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அந்த வீடுகள் அழகானவைதான். கனத்த சுவர், உயர்ந்த கூரை, தெருவில் போகிறவன் உட்கார்ந்து போகத் திண்ணை, திண்ணையைத் தாண்டினால் தார்சா, அதற்கப்பால் பட்டாசல், நடுவே வானம் தெரியும் முற்றம். சித்திரை மாதத்து உச்சி வெயிலில் உள்ளே கால் வைத்தால் வேர்வை அடங்குகிறது. இதில் எந்த வர்க்கத்துக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆனால் அந்த வண்ணப் பக்கங்களில் ஒரே ஒரு வரியை நாம் தேடித் தேடிப் பார்க்கிறோம், கிடைக்கவில்லை. அந்தச் சுவர் எதனால் ஆனது? எழுப்பியவன் யார்? பணம் எங்கிருந்து வந்தது?

முதல் கேள்விக்குக் கடல் பதில் சொல்லும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி வளர்ந்திருந்த பவளப்பாறையை, முருகைக்கல் என்று பழைய வழக்கில் சொல்வார்கள், கடப்பாரை கொண்டு பெயர்த்து, தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுவருக்குக் கல் அதுதான். காளவாயில் போட்டுச் சுட்டால் சாந்துக்குச் சுண்ணாம்பும் அதுதான். காரை உதிர்ந்த பழைய சுவரை உற்றுப் பாருங்கள், தேன்கூடு போலச் சின்னச் சின்னக் கண்கள் தெரியும். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பவளம். அதைத் தோண்ட சர்க்காரே குத்தகை விட்ட காலம் உண்டு. கட்டடத்துக்கு மட்டுமல்ல, ஆலைகளுக்கும் அது மூலப்பொருளாகப் போயிற்று.

விளைவு என்ன? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு கரைந்து கரைந்து சிறுத்துப்போய், அதைக் காப்பாற்ற 2015 முதல் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. பவளம் அரணாக நின்றவரை அலை அங்கேயே உடைந்தது. அரண் போனதும் அலை நேரே மணலை அறுத்தது.

1986ல் இந்தத் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. 2001ல் பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் வந்தது. 2004 சுனாமி வந்து பாடம் சொன்ன பிறகு, 2005 வாக்கில் தோண்டும் வேலை நின்றது. நல்ல சட்டம், நாம் வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தின் முன் குற்றவாளியாக நின்றது எது? வயிற்றுப்பாட்டுக்குத் தோண்டிய கை! அந்தக் கை தோண்டிக் கொடுத்த கல்லில் உயர்ந்த சுவரோ பாரம்பரியச் சின்னம் என்று பட்டம் பெற்றுப் படத்துக்கு நிற்கிறது.

அடுத்து, பணம். முத்து என்று சொன்னாலே பத்திரிகைக்காரர்களுக்குக் கவிதை வந்துவிடும். மார்க்கோ போலோ பார்த்தார், எழுதினார் என்று 13ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவார்கள். அந்த முத்தை எடுத்தவன் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு, மூச்சடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்கினான். காது சவ்வு கிழிந்தது, சுறா வந்தது, மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி இறங்கினான். பாண்டியன் ஆண்டான், போர்ச்சுக்கீசியன் ஆண்டான், 1658 முதல் டச்சுக்காரன் ஆண்டான், பின்னே ஆங்கிலேயன் ஆண்டான். கொடி மாறியது, பங்குக் கணக்கின் தன்மை மாறவில்லை. சுதந்திர இந்தியாவில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில் கூட எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்குதான் மூழ்கியவனுக்கு! 1961க்குப் பிறகு அந்தப் பார்களில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. சங்குக் குளி மட்டும் தொடர்கிறது. இன்று திரேஸ்புரத்துக் குளியாளி கம்ப்ரசர் காற்றை ஓஸ் வழியாக வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறான். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டுகிறது. முடமானவர்களும் மாண்டவர்களும் உண்டு. அவன் வீட்டுப் படம் எந்த மலரிலும் வரவில்லை.

முத்து மட்டும் இந்த மாளிகைகளைக் கட்டிவிடவில்லை. மணப்பாட்டின் பெரிய வீடுகளுக்குப் பின்னால் இலங்கை வியாபாரம் இருக்கிறது. அதே இலங்கைக்கு, தேயிலைத் தோட்டக் கூலிகளாகத் தூத்துக்குடித் துறை வழியே கப்பலேற்றப்பட்ட ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் லயன் அறைகளில் அடைக்கப்பட்டன. ஒரே கடலைக் கடந்த இரண்டு பயணம், ஒன்று மாளிகையாகத் திரும்பி வந்தது, மற்றொன்று லயன் அறையில் அடைபட்டது.

பவளத்தின் பெயரையே சூட்டிக்கொண்ட கோரல் மில்லை இந்த ஊர் மறக்காது. 1908 பிப்ரவரி 27ல் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் பணிந்தது. சில நாட்களில், மார்ச் 12ல், இருவரையும் வெள்ளை சர்க்கார் கைது செய்தது. அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் இருந்தது. விடுமுறை கேட்டதற்கு அர்த்தம் என்ன? வீட்டில் இருக்கும் உரிமையைக் கேட்டார்கள் என்றே நாம் படிக்கிறோம். விடியுமுன் போய் இருட்டியபின் வருகிறவனுக்கு வீடு ஏது? திண்ணை ஏது? துரைமாருக்குப் பங்களாவும் தோட்டமும் இருந்தன. அதில் உலாவ மாலைப்பொழுதும் இருந்தது.

இனி, எழுப்பியவன். வீட்டுச் சொந்தக்காரரின் பெயர் வாசலில் பொறித்திருக்கிறது. திட்டம் போட்ட கொத்தனார் பெயரும், உத்தரம் ஏற்றிய ஆசாரி பெயரும் எங்கே? ஆனால் அறிவு முழுவதும் அவர்களுடையது. கடற்காற்று எந்தப் பக்கம் வீசும், எங்கே சன்னல் வைத்தால் எதிர்ச்சுவரில் எங்கே வழி விடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டியையும் எந்த அளவில் சேர்த்தால் சாந்து இறுகும் என்பது தெரியும். உப்புக்காற்றில் எது நிற்கும் என்பதும் தெரியும். சுண்ணாம்புச் சுவரில் இரும்பு இல்லை, ஆகவே துரு இல்லை. இன்று கடலோரத்தில் ஏழைகளுக்கென்று கட்டித் தரும் அடுக்குமாடிகளில் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி உப்பால் துருப்பிடித்து ஊதுகிறது. ஊதியதும் காரை வெடித்துத் தூங்குகிற பிள்ளையின் தலையில் விழுகிறது. இதற்குப் பவளத்தை மறுபடி தோண்ட வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் தாழையூத்திலேயே கிடைக்கிறது. சர்க்கார் எஞ்சினீயர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பழைய கொத்தனாரின் கணக்கைத்தான்.

ஆம், பழைய வீட்டிலிருந்து கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்! வண்ணப் பத்திரிகைக்கும் நமக்கும் சண்டை அதில் அல்ல. அவர்கள் அந்தப் பாடத்தை இன்னொரு பணக்கார வீட்டின் கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உடைத்த மாளிகையின் தூணை விலைக்கு வாங்கி ஓட்டல் வரவேற்பறையில் நிறுத்துகிறார்கள். நாம் அதை உப்பளத் தொழிலாளியின் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறோம்.

அந்த வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். முத்தையாபுரத்திலோ வேப்பலோடையிலோ ஆறுமுகநேரியிலோ, பாத்தியில் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும் உப்பின் நடுவே வெறுங்காலோடு வாரிக் குவித்துவிட்டு வருகிறாள் ஒரு பெண். தோலெல்லாம் வெடிப்பு, கண்ணில் எரிச்சல். வீட்டுக்கு வந்தால் மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு. பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது இரவு முழுக்கக் கக்குகிறது. உப்பளத்தில் தகிப்பு, வீட்டிலும் தகிப்பு. மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. அந்த மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை 2022ல்தான் வந்தது. அவளுக்கு முற்றமும் திண்ணையும் ஆடம்பரமா?

ஆடம்பரம்தான் என்கிறார் அதிகாரி. நம் நண்பர்கள் சிலரும் தலையாட்டுகிறார்கள். முதலில் கூரை, அழகெல்லாம் பிறகு என்பது அவர்கள் வாதம். கேட்கப் பொறுப்பாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தப் 'பிறகு' என்றைக்கு வந்தது? ஒருமுறை தகரப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தால் மூன்று தலைமுறை அதில் வேகிறது.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரை 1919 முதல் 1934 வரை தொழிலாளர் கட்சி ஆண்டது. அவர்கள் சமூக ஜனநாயகவாதிகள். அவர்களோடு நமக்குள்ள தகராறு பெரியது, அது வேறு கதை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்வோம். பெரிய வீட்டுக்குப் பெரிய வரி என்று 1923ல் வீட்டுவரி போட்டு, 60,000க்கு மேற்பட்ட தொழிலாளர் வீடுகள் கட்டினார்கள். 1930ல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பில் 1,382 வீடுகள். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம், மற்றதெல்லாம் தோட்டமும் முற்றமும்! சலவைக்கூடம், குழந்தைப் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே. 1934 பிப்ரவரியில் பாசிஸ்டு சர்க்கார் பீரங்கி கொண்டு அதைச் சுட்டது. தொழிலாளிக்குத் தோட்டம் கொடுப்பது சின்ன விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

பக்கத்துக் கேரளத்திலும் உதாரணம் இருக்கிறது. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்தபோது, எம்.என். கோவிந்தன் நாயர் 1972ல் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். அதில் குறையும் இருந்தது. ஒரு நடுச்சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பத்தை நெருக்கிய வீடுகள் பல. அந்தப் பாடத்தோடு, 1985ல் தொடங்கிய 'காஸ்ட்ஃபோர்ட்' நிறுவனத்துக்கு அதே அச்சுத மேனன் தலைமை ஏற்றார். லாரி பேக்கர் அதில் சேர்ந்து உழைத்தார். பூசாத செங்கல், காற்று நுழையும் துளைச்சுவர், கூரைக் கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓடு: செலவும் குறைந்தது, வெக்கையும் குறைந்தது, வீடும் கண்ணுக்கு இனிதாயிற்று. அழகுக்குத் தனிச்செலவு என்பது காண்டிராக்டர் கட்டிவிட்ட கதை.

தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி நிலத்தடி நீர் உவர். இங்கே பச்சைப்புல் வளர்ந்தால் அது தாமிரபரணித் தண்ணீர் என்று பொருள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆலைகளுக்கென்றே நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்க '20 எம்.ஜி.டி.' திட்டம் போட்டார்கள்; ஜனங்களோ குடத்தோடு குழாயடியில் நின்றார்கள். ஆகவே புல்வெளியைக் காட்டி மலைக்கச் சொன்னால் நாம் மலைக்க மாட்டோம். பழைய பெயிண்ட் டப்பாவில் துளசி, ஓட்டைக் குடத்தில் பிச்சிக்கொடி, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் முருங்கை, வாசல் ஓரம் பூவரசு என்று ஒரு சொட்டு வீணாக்காமல் வளர்க்கும் நம் பெண்களின் புறவாசலுக்குப் பத்திரிகைக்காரர்கள் ஒருமுறை கேமராவைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.

2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியின் தாழ்ந்த குடியிருப்புகள் பல நாள் தண்ணீரில் நின்றன. பழைய கொத்தனார் தெருவிலிருந்து நாலு படி ஏறித்தான் வாசலை வைத்தார், அலங்காரத்துக்காக அல்ல. இன்று பள்ளத்து நிலத்தைப் பட்டா போட்டு, தெருவை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தி, வீட்டை அதற்குக் கீழே விட்டுவிடுகிறார்கள்.

நாம் கேட்பது ஆகாயத்து நட்சத்திரம் அல்ல. மாநில சர்க்கார் 2024ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கிராமப்புறத்து வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, பாக்கி 60 சதுர அடிக்குப் பயனாளியின் விருப்பப்படி சாய்கூரை. ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸைத் தள்ளியது நல்ல காரியம். அந்த 60 சதுர அடி எங்கே வரவேண்டும் என்று வேப்பலோடை, தருவைகுளம் பெண்களைக் கேளுங்கள். தெருப்பக்கம், கடற்காற்று வரும் திசையில், ஓடு போட்ட திண்ணையாக வரட்டும். தரை நாலு படி உயரட்டும். பின்னே ஒரு முருங்கைக்கு இடம் விடட்டும். கிராம சபையில் இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுக்க நம் தோழர்கள் தயாராக இருக்கிறார்கள். அதிகாரிகள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வரட்டும்.