லினக்ஸ் ஒலி: இனியும் சாக்கு வேண்டாம்

ஒரு லினக்ஸ் கணினியில் இரண்டு யுஎஸ்பி மைக்குகளைச் செருகி, எதிரெதிரே அமர்ந்த இருவரின் உரையாடலைப் பதிவுசெய்ய வேண்டும். கேட்பது இவ்வளவுதான். க்னோம் என்ற திரைச்சூழலின் ஒலி அமைப்புப் பக்கமோ, பேச ஒரு கருவி, கேட்க ஒரு கருவி என்பதற்கு மேல் எதையும் தேர்ந்தெடுக்க விடுவதில்லை. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் மூன்றும் பயனருக்கு முதலில் நீட்டுவது இந்த க்னோமைத்தான். இது வன்மையாகக் கண்டிக்க வேண்டிய அலட்சியம்.

ஒரு காலத்தில் இதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொரு ஒலிக் கருவியும் தனக்குள் இருக்கும் படிகத்தின் துடிப்பை வைத்தே நேரத்தைக் கணக்கிடுகிறது. எந்த இரண்டு படிகங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே, விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் ஒரு மணி நேரத்துக்கு 8,640 மாதிரிகள் பிசகும், அதாவது 0.18 விநாடி. ஒருவர் குரல் ஒரு பக்கம், மற்றவர் குரல் ஒரு பக்கம் என்று ஆக இது போதும். லினக்ஸின் அடிப்படை ஒலி அடுக்கான அல்சாவில் இரு ஒலி அட்டைகளை ஒட்டவைக்கும் பழைய வழி இந்த விலகலைச் சரிசெய்வதில்லை. அதையே இன்றும் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பது அவர்களைக் குழியில் தள்ளுவதாகும்.

அந்தச் சிக்கல் இன்று தீர்ந்துவிட்டது. விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் என்ற ஒலி மென்பொருள், ஒரு கருவியின் கடிகாரத்தைத் தலைமையாக வைத்து, மற்றவற்றின் ஒலியை ஓட்டத்திலேயே நீட்டியும் சுருக்கியும் அதனுடன் இணைக்கிறது. ஃபெடோரா 2021-லும் உபுண்டு 2022-லும் இதை இயல்பு ஒலி அமைப்பாக ஏற்றன. 2023-இல் 1.0 பதிப்பும் வந்துவிட்டது. பல கருவிகளை ஒன்றாக்கும் கூறும் அதிலேயே இருக்கிறது.

இருந்தும் அதைப் பெற, பயனர் மறைந்திருக்கும் ஒரு கோப்புறையைத் தேடி, அடைப்புக்குறி பிசகாமல் அமைப்புக் கோப்பு எழுத வேண்டும். முனையத்தில் ஒரு கட்டளை தட்டினாலும் போதும். ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் அது மறைந்துபோகும். மேக் கணினியில் இதே வேலைக்கு ஒரு சாளரமும், விலகலைத் திருத்த ஒரு தேர்வுக் கட்டமும் உண்டு. லினக்ஸிலேயே கேடிஇ என்ற இன்னொரு திரைச்சூழல், எல்லா ஒலி அட்டைகளும் ஒருசேர ஒலிக்கும் தேர்வை அமைப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறது. அடுத்த வீட்டாரால் முடிந்தது க்னோமால் ஏன் முடியவில்லை?

பெயர்க் குழப்பம் இன்னொரு கொடுமை. ஒரே மாடல் மைக் இரண்டு இருந்தால் பட்டியலில் ஒரே பெயர் இருமுறை வரும். எது யாருடையது என்று தட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அட்டை எண்களையும் நம்ப முடியாது. இன்று பூஜ்யமாக இருந்தது, இயக்கி ஏறும் வரிசை மாறினால் நாளை ஒன்றாகிவிடும்.

தன்னார்வலர் உழைப்பைக் குறை சொல்லலாமா என்ற சமாதானம் இங்கே எடுபடாது. டேமன்ஸ், ஃபெடோராவின் பின்னால் நிற்கும் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஊழியர். உபுண்டுவின் பின்னால் கனோனிக்கல் நிறுவனம் நிற்கிறது. மிகக் கடினமான பகுதிக்குக் கூலி கொடுத்து முடித்தவர்கள், ஒரு பொத்தானுக்கு ஆள் இல்லை என்பது நம்பும்படியாக இல்லை.

க்னோம், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகின்றன. அடுத்த பதிப்பிலேயே மூன்று திருத்தங்கள் வேண்டும்: பல கருவிகளை ஒன்றாக்கும் தேர்வு அமைப்புப் பக்கத்துக்கு வர வேண்டும்; ஒவ்வொரு கருவிக்கும் பயனர் பெயர் சூட்டவும், செருகிய துளையை வைத்து அது நிலைக்கவும் வழி செய்ய வேண்டும்; கடிகார விலகலைக் கண்டுகொள்ளாத பழைய வழிகாட்டிகளை அதிகாரபூர்வ ஆவணங்களிலிருந்து நீக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பயனர்மீது அக்கறை இருந்தால் போதும். அது இருக்கிறதா என்பதை அடுத்த பதிப்பு காட்டட்டும்.