‘தெரியவில்லை’ என்று சொல்லத் தெரியுமா?

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் வீட்டை வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். தகப்பனார் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருப்பார். தாயார் நாளுக்கு நாலு தடவை காலண்டரைப் பார்ப்பார். பாட்டி, பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொண்டிருப்பாள். விஷயம் வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கப் போகிறார்கள்!

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருவார்கள். இந்தக் காலத்தில் கம்பெனியார் பிள்ளை பார்க்க வருகிறார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் கிடையாதே தவிர, மற்றப் படபடப்பெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. முதலில் கணக்கும் தர்க்கமும் கலந்து ஒரு பரீட்சை. அதில் தேறினால் புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். அப்புறம் பாடத்தில் நேருக்கு நேர் கேள்விகள். கடைசியாக, ‘எச்.ஆர்.’ என்கிற இலாகாவைச் சேர்ந்தவர் சிரித்த முகத்தோடு கேட்கும் கேள்விகள். சிரித்த முகத்தோடு கேட்கிற கேள்விகளில்தான் வழுக்கி விழுகிறவர்கள் அதிகம்.

“ஜாவா படித்தால் போதுமா, பைத்தானும் வேண்டுமா? இங்கிலீஷ் பேசக் கற்றுத் தரும் வகுப்பில் சேர்க்கலாமா? கோட்டு தைக்கக் கொடுக்க வேண்டுமா?” என்றெல்லாம் தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள்.

சகோதரிகளே! கோட்டு வேண்டாம். சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு போகிறவரைப் பார்த்துக் கேள்வி கேட்பவருக்கே வியர்க்கும். சுத்தமான, இஸ்திரி போட்ட உடை போதும். ஜாவா, பைத்தான் சமாசாரம் அவசியந்தான். இரண்டில் ஒன்றாவது கைவந்திருக்க வேண்டும். ஆனால், அதைச் சொல்லித் தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குவதற்கென்றே இன்போசிஸ் கம்பெனி மைசூரில் ஓர் ஊரையே போன்ற வளாகத்தை வைத்து நடத்துகிறது. சென்னையிலிருந்து வளர்ந்த ஜோஹோ கம்பெனி, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டு, உபகாரச் சம்பளமும் கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில், கல்லூரியில் இருக்கும்போதே இவற்றுக்கெல்லாம் பயிற்சி உண்டு.

அப்படியானால், கம்பெனியார் சொல்லித் தர முடியாமல், பிள்ளைகள் வரும்போதே கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எதை?

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊழியர்களிடம் எந்தத் திறமை மிக அவசியம் என்று முதலாளிகளைக் கேட்டதில், பத்தில் ஏழு கம்பெனிகள், ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்து ஆராயும் புத்தி என்று சொல்லியிருக்கின்றன. அதற்கு அடுத்த இடம் படிப்புக்கும் இல்லை, இங்கிலீஷுக்கும் இல்லை. அடி விழுந்தால் எழுந்திருக்கிற குணத்துக்கும், நிலைமைக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கிற குணத்துக்கும்!

குணங்களின் பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஆபீஸில் அவை மூன்று சின்ன வாக்கியங்களாகத்தான் வெளிப்படுகின்றன. ‘எனக்குத் தெரியவில்லை.’ ‘தவறு நேர்ந்துவிட்டது.’ ‘உதவி வேண்டும்.’ இந்த மூன்றையும் வேளையில் சொல்லத் தெரிந்தவன்தான் நல்ல ஊழியன். இதென்ன பிரமாதம் என்கிறீர்களா? பிரமாதந்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

கொத்தனார் சுவர் எழுப்பினால் எத்தனை வரிசை ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். சமையலறையில் சாதம் வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் புரோகிராமோ கண்ணுக்குத் தெரியாத சுவர். பிள்ளையாண்டான் ஏழு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வேலை முடிந்துகொண்டிருக்கிறதா, அல்லது காலையிலிருந்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறானா? அவன் வாயைத் திறந்து சொன்னால்தான் மேலதிகாரிக்குத் தெரியும். அவன் செய்கிற பகுதியை நம்பி இன்னொருவர் அடுத்த பகுதியைச் செய்துகொண்டிருப்பார். கல்யாணச் சமையலில் ஓர் அண்டாவில் உப்பு இரட்டிப்பாக விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே சொன்னால் சரிக்கட்டலாம். பந்தி உட்கார்ந்த பிறகு தெரிந்தால்?

இதற்காகத்தான் அநேக கம்பெனிகளில் தினமும் காலையில் கால்மணி நேரம் எல்லோரும் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தேன். இன்று என்ன செய்யப் போகிறேன். எனக்கு என்ன தடை இருக்கிறது. முதல் இரண்டையும் புதுப் பிள்ளைகள் மணிமணியாகச் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவதற்கு வந்தவுடன், “ஒன்றுமில்லை, சார்!” நாலு நாள் இப்படி ‘ஒன்றுமில்லை’ சொன்ன பிறகு ஐந்தாம் நாள் குட்டு வெளிப்படுகிறது. அன்றைக்கு அவனுக்கு இழப்பு வேலையில் இல்லை, நம்பிக்கையில். வேலையை இன்னொரு தரம் செய்யலாம்; நம்பிக்கையை அவ்வளவு சுலபமாகத் திரும்பச் செய்ய முடியாது.

இரண்டு உண்மைச் சம்பவங்களைக் கேளுங்கள்.

2017 ஜனவரி 31-ந் தேதி. உலகம் பூராவும் உள்ள புரோகிராம்காரர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற கம்பெனியில், ராத்திரி வெகு நேரம் கண்விழித்து ஓர் என்ஜினீயர் ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தார். எதிரே இரண்டு இயந்திரங்கள், ஒன்றைப் போலவே இன்னொன்று. ஒன்றில் உள்ள பழைய தகவலை அழிப்பதாக நினைத்து, மற்றதில் உத்தரவு போட்டுவிட்டார். ஓரிரண்டு விநாடியில் சுதாரித்துக்கொண்டு நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட் தகவலில் நாலரைதான் மிச்சம்! பந்தோபஸ்தாகப் பிரதி எடுத்து வைத்திருக்குமே என்று பார்த்தால், தினசரி எடுக்க வேண்டிய பிரதி எடுபடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த மனிதர் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு, ‘நான் பார்க்கும்போதே இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடனே சக ஊழியர்களிடம் தெரிவித்தார். கம்பெனியாரும் மறைக்கவில்லை, மீட்கும் வேலை நடக்க நடக்கவே, அதை உலகத்துக்கெல்லாம் நேரடியாக ஒளிபரப்பினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தகவல் போனது போனதுதான். மற்றது பிழைத்தது. பிறகு வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ‘குழு உறுப்பினர் 1’ என்று குறிப்பிட்டதோடு சரி. ‘யார் செய்தது?’ என்பதைவிட, ‘ஒருவர் கை தவறினால் இவ்வளவு போகும்படி நாம் ஏன் வைத்திருந்தோம்?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி!

மற்றொரு சம்பவம் 1999-ல் நடந்தது. அமெரிக்காவின் நாஸா செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிவர ஒரு விண்கலம் அனுப்பியிருந்தது. அதன் விலை மட்டும் பன்னிரண்டரைக் கோடி டாலர். ஒரு பக்கத்தார் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்துவந்தார்கள். மறுபக்கத்தார் அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டு வந்தார்கள். படிக்கும் ஆழாக்கும் மாறிய கதைதான். செப்டம்பர் 23-ந் தேதி, விண்கலம் கிரகத்துக்கு வெகு அருகில் போய் அழிந்தது. விசாரணையில் வெளிவந்த சங்கதி என்ன தெரியுமா? கணக்கில் ஏதோ உதைக்கிறது என்று வழி பார்ப்பவர்களில் சிலருக்கு முன்னாலேயே தோன்றியிருக்கிறது. அதைத் தங்களுக்குள் கடிதங்களில் பேசிக்கொண்டார்களே தவிர, முறைப்படி புகாராக எழுதி மேலே வைக்கவில்லை. ஆகவே, தெரிந்திருந்தால் போதாது; தெரிய வேண்டியவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும்.

வாஸ்தவம், இதெல்லாம் கம்பெனியார் பாடு, நமக்கென்ன என்று தோன்றலாம். நமக்குத்தான் இதில் பங்கு அதிகம். ஏனென்றால், இந்தப் பாடத்துக்குப் பள்ளிக்கூடம் நம் வீட்டுக் கூடந்தான்.

யோசித்துப் பாருங்கள். கண்ணாடித் தம்ளர் கீழே விழுந்து உடைகிறது. நம் முதல் கேள்வி என்ன? “யாருடா உடைத்தது?” காலில் குத்தியதா என்பது இரண்டாவது கேள்வி. கணக்கில் முப்பது மார்க் வாங்கி வந்த பிள்ளையிடம், “அப்பா காதில் போடாதே, சாப்பிட்ட பிறகு மெதுவாகச் சொல்லலாம்” என்கிறோம். அந்த ‘மெதுவாக’ என்பது அநேகமாக வருவதே இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்டவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். பெண் குழந்தையாக இருந்தால், “பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசாதே” என்பது தாலாட்டோடு சேர்ந்து ஊட்டப்படுகிறது. பதினெட்டு வருஷம் இப்படி வளர்த்துவிட்டுப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினால், அந்தப் பெண் மட்டும் எப்படி எழுந்து நின்று, “இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை” என்று சொல்லுவாள்?

ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் என்பவர் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் நர்ஸ் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கெடுத்தால் தவறுகள் அங்கேதான் அதிகம்! ஆச்சரியப்பட்டு மேலும் விசாரித்தபோது விளங்கியது: அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை; அதிகம் சொல்லப்பட்டன. மற்ற இடங்களில் மூடி மறைக்கப்பட்டன. நோயாளிக்கு எந்த வார்டு நல்லது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால், உத்தியோகத்துக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் சில விஷயங்களைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி கேட்பவரிடம் தெரியாததைத் தெரிந்ததுபோல் அளக்கக் கூடாது. எதிரே இருப்பவர் அதே பாடத்தில் பத்து வருஷம் பழம் தின்றவர். இரண்டாவது கேள்வியில் பிடித்துவிடுவார். “இது எனக்குத் தெரியவில்லை. ஆனால், கண்டுபிடிக்க வேண்டுமானால் இப்படி ஆரம்பிப்பேன்” என்று சொல்லட்டும். அந்த ‘ஆனால்’ ஒன்றுக்கே மார்க் உண்டு. நண்பன் செய்த புராஜெக்டைத் தன் பெயரில் போட்டுக்கொள்வது அதைவிட ஆபத்து.

‘தெரியவில்லை’ என்பது சோம்பேறிக்குச் சாக்கு ஆகிவிடவும் கூடாது. முதலில் தானே முயன்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒழுங்காகக் கேட்க வேண்டும். அதற்கு நாலு வாக்கியம் போதும். செய்ய வேண்டியது இது, நடந்தது இது, இன்னின்ன செய்து பார்த்தேன், இந்த இடத்தில் உதவி வேண்டும். ஆபீஸுக்கு வேண்டிய இங்கிலீஷில் முக்கால் பங்கு இந்த நாலு வாக்கியந்தான். இதற்கு ஷேக்ஸ்பியர் தேவையில்லை, தெளிவு தேவை.

இப்போது இன்னொரு புதுமையும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அது கேட்ட மாத்திரத்தில் புரோகிராம் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதில் ஒரு வேடிக்கை, சரியாக எழுதினாலும் தப்பாக எழுதினாலும் அதன் தோரணை ஒன்றுதான்! அதை வரிவரியாகப் படித்து, “இந்த இடம் எனக்குப் புரியவில்லை, சோதித்துவிட்டுத்தான் அனுப்புவேன்” என்று சொல்லக்கூடிய மனிதனுக்கு மதிப்பு இனிக் கூடுமே தவிரக் குறையாது.

மேலதிகாரிகள் எல்லோரும் தர்மபுத்திரர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையைச் சொன்னவன்மேல் எரிந்து விழுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் வாயால் சொன்னதை அன்றைக்கே நாலு வரி எழுதியும் அனுப்பிவிட வேண்டும். கோபம் ஒரு நாளில் ஆறிவிடும், எழுத்து நிற்கும்.

வீட்டுக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கெட்ட செய்தியோடு வருகிற குழந்தையிடம் முதலில், “சொன்னாயே, நல்லதாயிற்று” என்று சொல்லுங்கள். திட்ட வேண்டியது இருந்தால் அப்புறம் திட்டிக்கொள்ளலாம். அது எங்கேயும் ஓடிப் போகாது. அந்த முதல் வார்த்தையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் உண்டு. நாளைக்கு அதற்கு ஒரு கஷ்டம் வந்தால், ஊரெல்லாம் அறிந்த பிறகு உங்களுக்குத் தெரியாது. முதலில் உங்களிடம் வந்துதான் சொல்லும்.