ஏசி பெட்டிதானே என்ற அலட்சியம்

“இது ஏசியை ஓட்டுகிற பெட்டி. இதில் பணமும் இல்லை, ரகசியமும் இல்லை. இதைப் போய் யார் தாக்கப்போகிறார்கள்?” பெரிய கட்டடங்களைப் பராமரிப்பவர்களிடம் இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கட்டட உரிமையாளர் இப்படித்தான் நம்புகிறார். பெட்டியைப் பொருத்துகிற ஒப்பந்ததாரரும் அதையே சொல்கிறார். அலுவலகக் கணினிகளைக் காக்கும் ஐடி பிரிவோ, அது தங்கள் பொறுப்பில் வராது என்று ஒதுங்கிக்கொள்கிறது. மூன்று தரப்பும் சேர்ந்து நம்பினாலும் இது பொய்தான். ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

அந்தப் பெட்டி உண்மையில் என்ன? பிஎம்எஸ் (கட்டட மேலாண்மை அமைப்பு) கன்ட்ரோலர் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளக்கும் சென்சார்களைப் படிக்கிறது. வால்வுகளையும் ஃபேன்களையும் சில்லர் பம்புகளையும் இயக்குகிறது. இன்று விற்பனைக்கு வரும் கன்ட்ரோலர்கள் பலவற்றில் இதற்கு மேல் ஒரு வெப் சர்வரும் இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம், பயனர் கணக்குகள், பாஸ்வேர்டுகள், கோப்புகள் எல்லாம் உண்டு. பிரவுசரில் அதன் ஐபி முகவரியைத் தட்டினால் மாடிவாரியாகக் கட்டடத்தின் வரைபடமே திரையில் வந்துவிடும்.

உரிமையாளர், “வீட்டிலிருந்தே போனில் பார்க்க வேண்டும்” என்கிறார். பொருத்த வந்தவர் ஸ்டாட்டிக் ஐபி வாங்கச் சொல்கிறார், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடுகிறார், போனில் படம் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து அது பொது இணையத்தில் நிற்கும் ஒரு சர்வர். உரிமையாளரின் போனுக்காகத் திறந்த வழி அவருக்கு மட்டும் திறந்ததல்ல, உலகத்துக்கே திறந்தது.

கட்டடக் கருவிகள் தமக்குள் பேசும் பொதுமொழியான பேக்நெட்டின் வரலாற்றைப் பார்த்தால் ஆபத்தின் வேர் புரியும். ஏசித் துறைப் பொறியாளர்களின் அமெரிக்க அமைப்பான ஆஷ்ரே 1987இல் அதற்கான வேலையைத் தொடங்கி 1995இல் தரநிலையாக வெளியிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கட்டடத்துக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். கம்பி சுவருக்குள்ளேயே இருந்தது. அதைத் தொடுபவர் நம் ஆளாகத்தான் இருப்பார் என்று கருதினார்கள். பிறகு அது ஐபி வலையிலும் ஓடத் தொடங்கியது. வழக்கமான பேக்நெட்டில், 47808 என்ற போர்ட்டுக்கு “யார் இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் கன்ட்ரோலர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். “ஃபேனை நிறுத்து” என்று எழுதினால் நிறுத்திவிடும். எழுதியது பொறியாளரா, முன்பின் தெரியாதவரா என்று சோதிக்க அதனிடம் வழி இல்லை. சான்றிதழ் பார்த்து, மறையாக்கம் செய்து பேசும் பேக்நெட் செக்யூர் கனெக்ட் 2019–20இல்தான் தரநிலைக்குள் வந்தது. அதற்கு முன் சுவரில் ஏறியவை பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

“பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே” என்பது அடுத்த சமாதானம். 2012இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் நடந்ததை இவர்கள் படிக்க வேண்டும். அங்கே ஓர் ஏசி நிறுவனம் தன் அலுவலகத்திலேயே நயாகரா என்ற மென்பொருளில் இயங்கும் கன்ட்ரோலரை வைத்திருந்தது. வங்கிகள் உள்ளிட்ட வாடிக்கையாளர்களுக்கு இத்தகைய கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பொருத்தித் தருவதுதான் அதன் தொழில். பெட்டிக்கு பாஸ்வேர்டு இருந்தது. ஆனால் நடுவில் ஃபயர்வால் எதுவும் இல்லாமல் நேராக இணையத்தில் இணைக்கப்பட்டிருந்தது. மென்பொருளில் இருந்த பின்வாசல் வழியாக வெளியாட்கள் நிர்வாகிக்குரிய அதிகாரத்தோடு உள்ளே நுழைந்தார்கள். அலுவலகத்தின் தள வரைபடம், எந்த அறை யாருடையது என்ற பெயர்கள் உட்பட, அவர்கள் கண்முன் கிடந்தது. எஃப்பிஐ இதை விசாரித்து அறிக்கையே எழுதியது. இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்தைப் பாஸ்வேர்டு காக்கவில்லை என்றால், ஒப்பந்ததாரர் எல்லாக் கட்டடங்களுக்கும் போடும் அந்த ஒரே பாஸ்வேர்டு நம்மைக் காக்குமா?

அடுத்த ஆண்டு, 2013இல், பில்லி ரியோஸ், டெர்ரி மெக்கார்கிள் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிட்னியில் கூகுள் நிறுவனத்தின் வார்ஃப் 7 அலுவலகக் கட்டுப்பாட்டு அமைப்பை இணையத்தில் கண்டுபிடித்தார்கள். அதுவும் நயாகராதான். குறையைச் சரிசெய்யும் மென்பொருள் வெளியாகியிருந்தும் அங்கே அது போடப்படவில்லை. நிர்வாகியின் பாஸ்வேர்டையே அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். கூகுளிடம் திறமைக்கோ பணத்துக்கோ பஞ்சமில்லை. ஆனாலும் அதன் கட்டடப் பெட்டி கவனிப்பாரின்றிக் கிடந்தது. “அது கணினி அல்ல” என்ற எண்ணம் எங்கே இருந்தாலும் இதே ஓட்டைதான் விழும்.

“எங்களைப் போய் யார் குறிவைப்பார்கள்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் பின்லாந்தில் இருக்கிறது. 2016 நவம்பரில் லாப்பேன்ரன்டா நகரில் இரண்டு குடியிருப்புகளின் வெப்பமூட்டும் கன்ட்ரோலர்கள் இணையத் தாக்குதலில் சிக்கின. வெள்ளமாக வந்த கோரிக்கைகளைத் தாங்க முடியாமல் அவை மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெப்பம் நின்றது. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளை முகவரி முகவரியாகத் தேடிப் பட்டியலிடும் ஷோடான் 2009 முதலே இயங்குகிறது. தேடுகிற நிரலுக்கு நம் பெயரும் தெரியாது, நம் தொழிலும் தெரியாது. திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது.

“போனால் என்ன, கொஞ்ச நேரம் புழுக்கமாக இருக்கும்” என்பது இருப்பதிலேயே கொடுமையான வாதம். 2021இல் ஜெர்மனியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் தானியங்கிக் கருவிகளில் ஏறத்தாழ முக்கால்வாசி செயலிழந்தன. திறந்து கிடந்த போர்ட் வழியே வந்தவர்கள், கருவிகளில் இருந்த பாதுகாப்புச் சாவி வசதியையே பயன்படுத்தி உரிமையாளரை வெளியே வைத்துப் பூட்டிவிட்டார்கள். விளக்குகளைக்கூடக் கையால் போட்டு அணைக்க வேண்டிய நிலை. 2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில், 1979இல் உருவான மோட்பஸ் என்ற கருவி மொழியில் வந்த பொய்க் கட்டளைகளால் 600க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் உறைபனியில் சுமார் இரண்டு நாள் வெப்பமின்றித் தவித்தன. மருத்துவமனையையும் எண்ணிப்பாருங்கள். அறுவை அரங்கில் காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருந்தால்தான் கிருமி உள்ளே வராது. தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்தும் அறையில் குறைவாக இருந்தால்தான் கிருமி வெளியே போகாது. அந்த அழுத்தத்தைக் காப்பதும் இதே கன்ட்ரோலர்கள்தான். அங்கே ஃபேன் நின்றால் அதற்குப் பெயர் புழுக்கமா?

தொலைவிலிருந்து பார்க்கும் வசதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் மருத்துவமனையின் சில்லர் நின்றால், பொறியாளர் வீட்டிலிருந்தே காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரிய உதவி. கன்ட்ரோலர் சர்வராக இருக்கட்டும். ஆனால் அதைச் சர்வராகவே நடத்துங்கள். வங்கியின் சர்வரை நேராக இணையத்தில் மாட்டிவிட்டு யாராவது வீட்டுக்குப் போவார்களா?

செய்ய வேண்டியவை எட்டாத காரியங்கள் அல்ல. போர்ட் ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டு விபிஎன் வழியாக மட்டும் உள்ளே வரச் செய்யுங்கள். கட்டடக் கருவிகளுக்குத் விலேன் என்ற தனி உள்வலை அமைத்து அலுவலக வலையிலிருந்து பிரியுங்கள். கணக்கு ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். வேலையை விட்டுப் போனவருடையதை அன்றே மூடுங்கள். ஒப்பந்ததாரருக்கு வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். கன்ட்ரோலரின் அமைப்புக் கோப்பை நகலெடுத்து, வலையோடு சேராத இடத்தில் வையுங்கள். வலை முழுவதும் செத்துப்போனாலும் சில்லரையும் ஃபேனையும் கையால் ஓட்டுவதற்கான ஸ்விட்ச் பேனலில் இருக்கிறதா, அதை இயக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறாரா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது யாருடைய பொறுப்பு என்பதை எழுத்தில் வையுங்கள். பெட்டியை ஒப்படைக்கும் நாளில் உரிமையாளர் ஒப்பந்ததாரரிடம் கேட்க வேண்டியது, “போனில் தெரிகிறதா?” என்பதல்ல, “என் போனைத் தவிர வேறு யாருக்கெல்லாம் தெரிகிறது?” என்பதுதான். அதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள், கடைசித் தவணைப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர்களும் சிகிச்சை பெறுபவர்களும் உறங்குபவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அவர்கள் சார்பில் கேட்கும் கடமை கையெழுத்துப் போடுபவருக்கு இருக்கிறது.