எதிர்ப்பு சக்தியை ஏத்தாதீங்க சாமி!

2020-ல் கொரோனா வந்தாலும் வந்தது, 'எதிர்ப்பு சக்தி' என்று லேபிள் ஒட்டி விற்காத பொருளே இல்லை. லேகியம், கஷாயம், பால் பவுடர், பிஸ்கட்டு... கொரோனா அடங்கியும் அந்த வியாபாரம் அடங்கவில்லை. ஊரிலிருந்து வரும் பார்சலில் பருப்புப்பொடி, முறுக்கோடு இப்போது லேகிய டப்பாவும் சேர்ந்து வருகிறது. "வெளியூர்ல இருக்கே, உடம்புல சக்தி வேணும்ல" என்று சொல்லும் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாசத்தைக் காசாக்குகிறவர்களைத்தான் கேட்கிறேன்: எந்த சக்தியை ஐயா ஏற்றுகிறீர்கள்?

நான் படித்தது பி.காம். எனக்கே புரிகிற விஷயம்தான் இது. எதிர்ப்பு சக்தி ஒன்றும் மொட்டை மாடி டேங்க் இல்லை, மோட்டார் போட்டு நிரப்பிக்கொண்டே இருக்க. நம் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல சில புரதங்களை அனுப்புகின்றன. சைட்டோகைன் என்று பெயர். கிருமி நுழைந்தால், காயம் பட்டால் இவை எகிறும். வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். வங்கியில் இருக்கும் சைரன் மாதிரி. திருடன் வந்தால் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் நாள் முழுக்க அடித்தால்? கவுண்டரில் யார் என்ன கேட்டாலும் காதில் விழாது.

வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு உள்ளே நடப்பது இதுதான். 1993-ல் அமெரிக்காவில் ஹோத்தாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழுவினர், பருத்த எலிகளின் கொழுப்பே டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைச் சுரப்பதைக் கண்டார்கள். அதை அடக்கியதும் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. 2003-ல் இன்னொன்று தெரிந்தது. பருத்த கொழுப்புக்குள் மேக்ரோஃபேஜ் என்கிற எதிர்ப்பு செல்கள் கூட்டமாகக் குடியேறி, சைரனை அடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தத்தில் இன்சுலின் சொல்வது செல்லுக்குக் கேட்பதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தங்குகிறது, கணையம் கூடுதலாக உழைத்துக் களைக்கிறது.

"நான் ஒல்லி, எனக்கென்ன" என்பவர்களுக்கு: 2004-ல் லான்செட் இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. உடம்பில் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம்மவர்களின் லட்சணம் இதுதான். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். ஊருக்குப் போனால் "நல்லா பூசினாப்ல இருக்கியே" என்று மகிழ்கிறார்கள். பூசியது எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்த உடம்புக்குத்தான் சக்தி ஏற்றுகிறேன் என்று கிளம்புகிறார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் சர்க்கரைதான் முன்வரிசையில் நிற்கும். (தடுப்பூசி வேறு விஷயம். அது குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காட்டுவது. அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.)

"அப்போ சைரனை ஊசி போட்டு நிறுத்திவிடலாமே?" அதையும் பார்த்தாயிற்று. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சைட்டோகைனை அடக்கும் மருந்தைப் பத்தாயிரம் இதய நோயாளிகளிடம் சோதித்து 2017-ல் முடிவு சொன்னார்கள். மாரடைப்பு குறைந்தது, தொற்றால் இறப்பது சற்றுக் கூடியது. புதிதாக சர்க்கரை நோய் வருவதையும் அது தடுக்கவில்லை.

இதைவிட வேடிக்கை இன்டர்லூகின்-6. கொழுப்பிலிருந்து சதா கசியும் இதே புரதம், உடற்பயிற்சியின்போது தசையிலிருந்தும் வருகிறது. டென்மார்க்கில் தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். வயிற்றின் உட்கொழுப்பு குறைந்தது. இன்டர்லூகின்-6-ஐ மருந்தால் தடுத்தவர்களுக்கோ, அதே மிதி மிதித்தும் குறையவில்லை. ஆக, அந்தப் புரதம் எங்கிருந்து, எப்போது, எவ்வளவு நேரம் வருகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். இதை எந்த லேகியம் கணக்குப் பார்த்துச் செய்யும்?

தையல்கடை டேப் ஒன்று வாங்குங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் டாக்டரைப் பார்த்து சர்க்கரை டெஸ்ட் எடுங்கள். தினமும் வேர்க்க நடங்கள். அடுத்த முறை அம்மா போன் பண்ணும்போது, "லேகியம் வேண்டாம்மா, உங்க இடுப்பையும் அப்பா இடுப்பையும் அளந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். சிரிப்பார்கள். பரவாயில்லை, விடாதீர்கள்.